இரோகுவாக்கள் கூலிப்படையினர் அல்லர், கூட்டாளிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் 250ஆம் ஆண்டையொட்டித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில், வட அமெரிக்கப் பழங்குடியினரான இரோகுவா மக்கள் பெரும்பாலும் ஒரே வரியில் வந்து போகிறார்கள்; அந்த ஒரு வரியிலும் ஆங்கிலேயர் ஏவிய திசையில் பாய்ந்த கூலிப்படையினராகவே காட்டப்படுகிறார்கள். நூறாண்டுக்கும் மேல் நீடித்த ஓர் அரசுறவை இப்படிச் சுருக்குவது அம்மக்களுக்கு இழைக்கப்படும் அநீதி என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மோஹாக், ஒனைடா, ஒனன்டாகா, கயூகா, செனிகா ஆகிய ஐந்து இனங்களின் கூட்டமைப்பே இரோகுவா. டஸ்கரோரா மக்கள் 1720களின் தொடக்கத்தில் ஆறாவதாகச் சேர்ந்தனர். டச்சுக்காரர்களோடு மென்மயிர் வணிகம் செய்துவந்த இவர்கள், 1664இல் டச்சுக் குடியேற்றம் ஆங்கிலேயர் கைக்கு மாறியபோது புதியவர்களோடும் உறவைத் தொடர்ந்தார்கள். நியூயார்க் ஆளுநர் எட்மண்ட் ஆண்ட்ரோஸ் காலத்தில், 1677இல் ஆல்பனியில் நடந்த பேச்சுகளில் மாசசூசெட்ஸ், மேரிலாந்து உள்ளிட்ட பிற குடியேற்றங்களும் இணைந்து உருவானதே ‘உடன்படிக்கைச் சங்கிலி’ எனப்பட்ட கூட்டணி. வடக்கே இருந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராக ஆங்கிலேயருக்கு ஓர் அரண் தேவைப்பட்டது. இரோகுவாக்களுக்குத் துப்பாக்கி, வெடிமருந்து, துணி, உலோகக் கலன்கள் தேவைப்பட்டன. இருவரும் தத்தம் தேவை கருதியே கைகோத்தார்கள்.

ஆனால் அந்தக் கூட்டணி யாருடைய முறைப்படி நடந்தது என்பதைத்தான் நம் கட்டுரைகள் சொல்வதில்லை. அரசவையில் வளர்ந்த ஆங்கிலேய ஆளுநர்கள், இரோகுவாக்களின் மன்ற நெறியைக் கற்றுக்கொண்ட பிறகே அவர்களோடு பேச முடிந்தது. இறந்தோருக்காக இரங்கி, எதிரில் இருப்பவரின் கண்ணீரைத் துடைத்து, செவியையும் தொண்டையையும் தெளிவிக்கும் சடங்கோடு கூட்டம் தொடங்கும். சிப்பி மணிகளைக் கோத்து நெய்த வாம்பம் பட்டையை வைக்காமல் சொன்ன சொல்லுக்கு எடை கிடையாது. கேட்ட அன்றே பதில் தருவது முறையன்று. தங்களுக்குள் கலந்து பேசி, பின்னொரு நாளில், எதிர்த்தரப்பு முன்வைத்த ஒவ்வொன்றையும் அதற்குரிய பட்டையைக் கையிலெடுத்துத் திரும்பச் சொல்லிவிட்டே பேச்சாளர் மறுமொழி கூறுவார். சங்கிலி துருப்பிடிக்காமல் அவ்வப்போது துலக்கப்பட வேண்டும் என்பதும் அவர்களுடைய வழக்கே. பரிசுப் பொருள்களுடன் கூட்டம் கூடி, குறைகளைக் கேட்டுத் தீர்ப்பதே அந்தத் துலக்கல்.

அவர்களது அரசியல் கூர்மைக்கு 1701ஆம் ஆண்டு ஒன்றே போதும். அக்கோடையில் ஆல்பனியில் தம் மேற்கு வேட்டை நிலங்களை ஆங்கிலேய மன்னரின் பாதுகாப்பில் வைப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். அதே கோடையில் மாண்ட்ரியலில் பிரெஞ்சுக்காரர்களோடும் அவர்களைச் சார்ந்த பல பழங்குடி இனங்களோடும் சமாதானம் செய்துகொண்டார்கள். இரு வல்லரசுகளுக்கு நடுவே பல பத்தாண்டுகள் சமநிலை காக்க உதவிய ஏற்பாடு இது. ஏவலாளிகளுக்கு இது சாத்தியமா?

1753இல் மோஹாக் தலைவர் ஹென்ட்ரிக், நில மோசடிகளுக்கு நியாயம் கிடைக்காத கோபத்தில், சங்கிலி அறுந்துவிட்டது என்று நியூயார்க் ஆளுநர் கிளின்டனின் முகத்துக்கு நேரே அறிவித்துவிட்டு வெளியேறினார். லண்டன் பதறியது. உறவைச் சீர்செய்யும்படி குடியேற்றங்களுக்கு உத்தரவு பறந்ததன் விளைவே 1754ஆம் ஆண்டின் ஆல்பனி மாநாடு. குடியேற்றங்களை ஒன்றிணைக்கும் பெஞ்சமின் பிராங்க்ளினின் திட்டம் முன்வைக்கப்பட்டதும் அங்கேதான். (அமெரிக்க அரசமைப்பே இரோகுவாக்களிடமிருந்து எடுக்கப்பட்டது என்று சிலர் எழுதுவது மிகை, அவர்களுடைய பெருமைக்கு அந்த மிகை தேவையில்லை.) மறு ஆண்டு ஜார்ஜ் ஏரிப் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்ற ஹென்ட்ரிக் உயிரிழந்தார்.

இவர்களைக் களங்கமற்றவர்களாகவும் எழுதிவிடக் கூடாது. 1742இல் பென்சில்வேனிய அரசுக்கு இணங்கி, டெலவேர் பழங்குடி மக்களை அவர்களுடைய நிலத்தைவிட்டு வெளியேறும்படி அதட்டியவர் ஒனன்டாகா பேச்சாளர் கனசாட்டெகோ. 1768இல் ஸ்டான்விக்ஸ் கோட்டையில், மன்னரின் பிரதிநிதி வில்லியம் ஜான்சனோடு சேர்ந்து, ஷானீ முதலான இனங்கள் வேட்டையாடி வாழ்ந்த ஓஹையோ ஆற்றின் தென்புறத்தை இரோகுவாக்கள் விட்டுக்கொடுத்தார்கள். பறிபோனது பிறருடைய நிலம். பணமும் பொருளும் இவர்களுக்குக் கிடைத்தன. கூட்டணியின் இந்தப் பக்கத்தையும் சொன்னால்தான், தம் முடிவுகளுக்குத் தாமே பொறுப்பேற்க வேண்டிய அரசியல் சக்தியாக அவர்கள் வாசகர் கண்ணுக்குத் தெரிவார்கள்.

விடுதலைப் போரில் அவர்கள் ஒரே அணியாக நிற்கவுமில்லை. ஜோசப் பிராண்ட் தலைமையில் மோஹாக்குகளும், செனிகா, கயூகா, ஒனன்டாகா மக்களில் மிகப் பலரும் மன்னர் பக்கம் நிற்க, ஒனைடாக்களும் டஸ்கரோராக்களும் பெரும்பாலும் அமெரிக்கர் பக்கம் போனார்கள். 1777இல் ஓரிஸ்கனியில் இரோகுவாக்கள் இரோகுவாக்களோடு மோதினார்கள். 1779இல் வாஷிங்டனின் ஆணைப்படி சென்ற அமெரிக்கத் தளபதி சல்லிவனின் படை, நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்களை விளைந்த சோளத்தோடும் பழத்தோட்டங்களோடும் அழித்தது.

இத்தனைக்கும் பிறகு, 1783ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையில் பிரிட்டன் தன் கூட்டாளிகளைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அவர்களுடைய நிலமும் அடங்கிய பரப்பை அமெரிக்காவிடம் ஒப்படைத்துவிட்டது. 1784இல் பிரிட்டனின் கியூபெக் ஆளுநர் ஹால்டிமண்ட் அவர்களுக்குக் கனடாவின் கிராண்ட் ஆற்றின் இருகரையிலும் ஆறு மைல் அகல நிலம் வழங்கியது, அந்தத் துரோகத்தை ஓரளவு ஈடுகட்டும் முயற்சியே. அதிலும் மிகப் பெரும்பகுதி பின்னர் அவர்கள் கையைவிட்டுப் போய்விட்டது. அந்த நில உரிமை வழக்கு இன்றும் ஓயவில்லை.

விடுதலைப் போர் குறித்துத் தங்கள் நாளிதழில் இனி வரும் கட்டுரைகளிலாவது ஆங்கிலேயரோடு பேச்சு நடந்த ஆல்பனி, இரோகுவாக்களின் பொது மன்றம் கூடிய ஒனன்டாகா ஆகிய இரு மன்றங்களுக்கும் உரிய இடம் அளிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்