வெளிக்காலில் நிற்கிறவன்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்குக் கலியாணம் சரிவந்தது பெரிய சந்தோசம். ஓகஸ்ட் என்றால் கட்டாயம் வருவேன். குளிர்காலத்தில் இந்த ஸ்கீக் கடையை, அதுதான் பனிச்சறுக்குப் பலகைக் கடையை, விட்டு அசைய ஏலாது.

சுவிஸ் ஸ்கீ வீரன் ஒடர்மாட்டின் வீடியோவைப் பார்த்துவிட்டு, வளைந்து திரும்பேக்கை இடுப்பு பனியில் முட்டியும் ஏன் விழுகிறானில்லை என்று கேட்டிருந்தாய். சுவிசின் அடெல்போடனில் நடக்கிற ஜயன்ட் ஸ்லாலமை (கம்புகளைச் சுற்றி வளைந்து வளைந்து மலையிறங்கும் பந்தயம்) 2022 முதல் 2025 வரை நாலு வருசமும் அவன்தான் வென்றவன். படத்தை நிறுத்திப் பார். சரிந்து கிடப்பது கால்கள்தான். இடுப்புக்கு மேலே உடம்பு மற்றப் பக்கம் மடிந்து, வளைவின் வெளிப்பக்க ஸ்கீக்கு மேலே நிற்கும். பாரம் முழுக்க அந்தக் காலில். வேலிக் கதியால் சரிந்த மாதிரி முழு உடம்பும் ஒரே கோட்டில் உள்ளே சாய்ந்தால், பாரம் உள்காலுக்குப் போய்விடும். வெளி ஸ்கீ பிடி விட்டு வழுக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் பயத்தில் மலைப்பக்கம் சாய்வது அதனால்தான் ஆபத்து. பின்னுக்குக் குந்துவதும் அப்படியே. முழங்காலுக்குக் கீழ் எலும்பு சப்பாத்தின் முன்நாக்கில் அழுந்தாவிட்டால், ஸ்கீயின் முன்பகுதி பனியைக் கடிக்காது, திருப்பம் தொடங்காது.

ஸ்கீ நடுவில் ஒடுங்கி, இரண்டு முனையிலும் அகன்றது. சரித்து அமத்தினால் வில்லாக வளைந்து அந்த வழியிலேயே ஓடும். கூடச் சரித்தால் திருப்பம் இன்னும் இறுகும். 2012இல் ஆண்களின் ஜயன்ட் ஸ்லாலம் ஸ்கீக்கு, அந்தப் பக்க வளைவின் ஆரம் குறைந்தது 35 மீற்றர் என்று சட்டம் போட்டார்கள். ஆரம் கூடினால் ஸ்கீ அகலமாகத்தான் திரும்பும். திருப்பக் கஷ்டம் என்று வீரர்கள் கொதித்தார்கள். பலமாகச் சத்தம் போட்ட அமெரிக்கன் டெட் லிகெட்டியே ஒக்டோபரில் ஒஸ்திரியாவின் சொல்டனில் நடந்த முதல் போட்டியை 2.75 செக்கன் வித்தியாசத்தில் வென்றான்! திருப்பத்தின் தொடக்கத்திலேயே மற்றவர்களைவிட ஆழமாகச் சரித்தவன் அவன். பிறகு 2017இல் 30 மீற்றருக்கு இறக்கினார்கள்.

கடையில் என் வேலை ஸ்கீயின் இரும்பு விளிம்பைத் தீட்டுவது. வாடகை ஸ்கீக்கு விளிம்பின் கோணம் 88 பாகை, போட்டிக்குப் போகிற பெடியள் இன்னும் கூராக 87 கேட்பார்கள். அரத்தால் அராவி, வைரக்கல்லால் பிசிறு எடுத்து, நகத்தை விளிம்பில் இழுத்துப் பார்ப்பேன். வெள்ளைத் தூள் சுரண்டி வந்தால் சரி. பின்னேரம் சிலர் “ஸ்கீ பிடிக்குதில்லை” என்று கொண்டு வருவார்கள். நகம் வைத்தால் நல்ல கூர். அவர்கள் நின்ற விதத்தை நான் சொல்லப் போவதில்லை. இன்னொருக்கால் தீட்டிக் கொடுத்துவிடுவேன், சந்தோசமாகப் போவார்கள்.

ஜனவரிக் கடைசியில் ஒஸ்திரியாவின் சிலாட்மிங்கில் இரவு ஸ்லாலம் (கம்புகள் இன்னும் நெருக்கமான பந்தயம்) வரும். உனக்கு நடுச்சாமம் தாண்டும், ஆனாலும் முழிச்சிருந்து பார். உள்பக்கத் தோள் தாழ்கிறதா என்று கவனித்தால், யார் விழப்போகிறான் என்று சில வேளை முதலே சொல்லலாம்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி