கழித்தல் கணக்கும் கனிம நிதியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். பிள்ளைகளின் கணக்குத் தவறுகளைப் பக்கத்தில் இருந்து திருத்த, நம் திருநெல்வேலி மாவட்டத்தின் கனிம நிதியிலிருந்து தொடக்கப் பள்ளிகளுக்கு உதவியாளர் வைக்கலாம் என்று சொல்லவே இதை எழுதுகிறோம்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் 52-ல் 27-ஐக் கழிக்கச் சொன்னால் பல நோட்டுகளில் 35 என்ற விடையைப் பார்க்கலாம். சிவப்பு மையால் அதை அடித்துவிட்டு அடுத்த நோட்டை எடுக்கும் முன் அந்த 35-ஐக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளை "2-ல் 7 போகாது, 7-ல் 2 போனால் 5" என்று எண்ணைத் திருப்பிப் போட்டு அங்கே வந்திருக்கும். இன்னொரு பிள்ளை பக்கத்து வீட்டில் கடன் வாங்கி, 12-ல் 7 போக 5 என்று சரியாகவே எழுதியிருக்கும். கடன் கொடுத்த 5 இப்போது 4 என்பதை மறந்து, 5-ல் 2 போக 3 என்று முடித்திருக்கும். முதல் பிள்ளைக்கு இடமதிப்பே பிடிபடவில்லை. இரண்டாவது பிள்ளைக்கு முக்கால்வாசி தெரியும், ஒரு படிதான் தவறுகிறது. இருவருக்கும் ஒரே விடை, ஒரே பூச்சியம்.

ஆகவே சோதிக்கக் கொடுக்கும் கணக்கையே பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஒன்றுகள் இடத்து எண்களின் வித்தியாசம் 5 ஆக இருந்தால் இரண்டு தவறும் ஒரே விடைக்குள் ஒளிந்துகொள்ளும். 53-ல் 27 என்று கொடுத்தால் சரியான விடை 26. திருப்பிக் கழித்த பிள்ளை 34 எழுதும், கடனை மறந்த பிள்ளை 36 எழுதும். 40-ல் 17 இன்னும் நல்ல கணக்கு. 23 சரி. 37 என்றால் திருப்பிக் கழித்தல், 33 என்றால் கடன் மறதி, 30 என்றால் பூச்சியத்தில் எதுவும் போகாது, அதனால் பூச்சியமே என்ற எண்ணம்.

53-ல் 27 கணக்குக்கு 34 எழுதிய பிள்ளைக்குத் தேவை தென்னை ஈர்க்கு. விரல் நீளத்துக்கு நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு ஐந்து கட்டு, உதிரியாக மூன்று. 27 எடுத்துத் தா என்றால் ஏழு உதிரி கிடையாது. ஒரு கட்டைப் பிரித்தாக வேண்டும். பிரித்தால் கட்டு நான்கு, உதிரி பதின்மூன்று. கட்டைப் பிரிக்கும் அதே நேரத்தில் நோட்டில் 5-ஐ அடித்து 4 என்றும், 3-ஐ அடித்து 13 என்றும் பிள்ளையே எழுத வேண்டும். குச்சி ஒரு நாள், எழுத்துக் கணக்கு இன்னொரு நாள் என்று பிரித்துவிட்டால், குச்சியில் சரியாகச் செய்கிற பிள்ளை நோட்டில் பழையபடி 34 எழுதும். 36 எழுதிய பிள்ளைக்குக் குச்சி வேண்டாம். விடையோடு 27-ஐக் கூட்டிப் பார்க்கச் சொன்னால் 63 வரும். எங்கே தவறியது என்று தானே தேடும்.

கைக்கணக்கும் தாள் கணக்கும் தாமாக ஒட்டிக்கொள்ளாது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்டோர் 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு அது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,436 சிறுவர் சிறுமியர் விலையையும் சில்லறையையும் மனக்கணக்காகச் சரியாகச் சொன்னார்கள். அதே மாதிரிக் கணக்கைப் பள்ளி முறையில் தாளில் கொடுத்தபோது பலர் திணறினார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளின் நிலை நேர்மாறாக இருந்தது. நம் முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு ஆயிரம் என்று அம்மா எண்ணுவதைப் பார்த்தே வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 1000-ஐ 25-ஆல் வகுப்பதைக் கரும்பலகையில் எழுதும் நாளில் அந்தக் கட்டுக் கணக்கைப் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுப்பதை விட நல்ல பாடம் வேறில்லை.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும், ஆள் வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்போ ஐந்து. 2022-ல் தொடங்கிய மாநில அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறது. அந்தப் பிரிப்பு மிகச் சரியானது. ஆனால் ஓர் ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளை உட்கார வைத்து, ஒவ்வொன்றிலும் மூன்று நிலைக்குப் பாடம் நடத்தும்போது 34-ஐயும் 36-ஐயும் பிரித்துப் பார்க்க எங்கே நேரம்? தவறு எது என்று சொல்லும் அறிக்கை மட்டும் கொடுத்தாலும் போதாது. ஆந்திரத்தில் அப்படிக் கொடுத்துப் பார்த்ததில் பிள்ளைகளின் மதிப்பெண் உயரவில்லை.

கூடுதல் ஆள் வைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே விடை உண்டு. நம் மாநிலத்தின் 640 அங்கன்வாடிகளில் நடந்த ஆய்வில், பாதி மையங்களுக்கு அரை நாள் பணியாளர் ஒருவர் கூடுதலாகத் தரப்பட்டார். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. 18 மாதங்களில் கணக்கில் 0.29 திட்ட விலக்கமும் மொழியில் 0.46-ம் உயர்வு. அதாவது, நூறு பேரில் நடுவில் நின்ற குழந்தை கணக்கில் சுமார் பதினொரு பேரைத் தாண்டி முன்னே போகிறது. ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தது. கொரோனாவுக்குப் பிறகு கிராமத்துப் பிள்ளைகள் சுமார் 19,000 பேரைத் தொடர்ந்து கவனித்த இன்னோர் ஆய்வு, பள்ளி திறந்து ஆறு மாதத்தில் மீண்ட கற்றலில் ஏறக்குறைய கால்பங்கு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தால் வந்தது என்று கணக்கிட்டது. மாதம் 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டு மாலையில் பாடம் சொன்ன தன்னார்வலர்கள் செய்த வேலை அது.

பணத்தை எதற்குக் கொடுக்கிறோம் என்பது ஏன் முக்கியம் என்றால், ஆந்திரத்தில் பள்ளிகளுக்கு நோட்டு, எழுதுபொருள் வாங்க மானியம் கொடுத்தபோது முதல் ஆண்டு மதிப்பெண் உயர்ந்தது, அடுத்த ஆண்டு உயரவில்லை. பள்ளியே வாங்கித் தரும் என்று தெரிந்ததும் பெற்றோர் தம் செலவைக் குறைத்துக்கொண்டார்கள். குடும்பத்துக்கு அது நிச்சயம் நன்மைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கற்றல் கூட வேண்டுமென்றால், வீட்டுக்காரர்கள் கடையில் வாங்க முடியாத ஒன்றை அரசுப் பணம் வாங்க வேண்டும். பள்ளி நேரத்தில் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டைப் பிரிக்கச் சொல்லும் ஆள்தான் அது.

பள்ளி மானியத்தில் இதற்கு இடமில்லை. 30 பிள்ளைகள் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000. அதிலேயே பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்கு. 2024-25-ல் ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய சமக்ர சிக்ஷா (ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம்) நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த நிதியை நம்பி மாவட்டம் காத்திருக்கக் கூடாது.

நம் மாவட்டத்தில் வேறொரு பணம் இருக்கிறது. தாழையூத்துச் சுண்ணாம்புக்கல் போன்ற கனிமங்களை வெட்டுவோர் ராயல்டியோடு மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கும் ஒரு பங்கு கட்டுகிறார்கள். 2015-ல் அந்த அறக்கட்டளை நிதிக்கு வந்த வழிகாட்டு நெறிகள் கல்வியை முன்னுரிமைச் செலவாகச் சொன்னதோடு, ஆசிரியர், உதவிப் பணியாளர் அமர்த்துவதையும் பெயர் சொல்லி அனுமதித்தன. சுரங்கத்தால் பாதிக்கப்படும் ஊர்களுக்குத்தான் அந்தப் பணம். ஆகவே குவாரி லாரி போகும் ஊர்களின் ஈராசிரியர் பள்ளிகளில் தொடங்கலாம். அரை நாள் உதவியாளருக்கு மாதம் 6,000 ரூபாய் என்றால் பத்து மாதத்துக்கு 60,000. ஐம்பது பள்ளிக்கு 30 லட்சம். இரண்டு மூன்று வகுப்பறை கட்டும் செலவு என்று சொல்லலாம்.

ஆளைத் தேடி அலைய வேண்டாம். இல்லம் தேடிக் கல்வியில் பாடம் சொன்ன பெண்கள் அந்தந்த ஊரிலேயே இருக்கிறார்கள். பயிற்சிக்குப் பெரிய கையேடும் வேண்டாம். இருபது கணக்கு, ஒவ்வொன்றுக்கும் வரக்கூடிய தவறான விடைகள், அந்த விடை வந்தால் அடுத்து என்ன செய்வது என்பது போதும். ஒன்றை மட்டும் மாவட்ட ஆட்சியர் உறுதி செய்ய வேண்டும். ஜூனில் பள்ளி திறக்கும்போதே பணம் கையில் இருக்க வேண்டும். ஜனவரியில் வந்தால் மார்ச்சுக்குள் செலவுக் கணக்கு காட்டும் அவசரத்தில் அதுவும் பெயின்டாகவும் பெயர்ப்பலகையாகவும் போய்விடும்.

இப்படிக்கு,
தொடக்கக் கல்வி ஆய்வில் ஈடுபட்டுள்ளோர்,
பாளையங்கோட்டை.