சித்தப்பாவுக்கு ஒரு போன் செய்

அன்புள்ள மகனுக்கு,

நலமா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே எல்லோரும் சுகம். அன்று நீயும் சித்தப்பாவும் கடவுளைப் பற்றி வாதாடி முகம் முறிந்த பிறகு, அவரைப் பற்றி நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

1948இல் பிபிசி வானொலியில் தத்துவ அறிஞர் ரஸ்ஸலும் கோப்பிள்ஸ்டன் பாதிரியாரும் கடவுளைப் பற்றி வாதாடினார்களே, நீ அனுப்பியது, அதை மறுபடி படித்தேன். அம்மாவுக்கு என்ன புரியும் என்று நினைத்திருப்பாய். புரிந்தது. கடவுள் இல்லை என்று நிரூபிக்க முடியுமா என்று பாதிரியார் கேட்கிறார். அப்படிச் சொல்ல மாட்டேன், உண்டா இல்லையா என்று தெரியாது என்பதே என் நிலை என்கிறார் ரஸ்ஸல். அத்தனை படித்த மனிதர்! நீயோ அன்று சித்தப்பாவிடம் நம்புகிறவர்கள் எல்லாம் பயந்தாங்கொள்ளிகள் என்றாய். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

சித்தப்பா பேசியது சரி என்று நான் சொல்லவில்லை. பதில் தெரியாதபோது நரகத்தைக் காட்டுவது என்ன வாதம்? 1 பேதுரு 3:15இல் "உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்பதை மட்டும் பிடித்துக்கொள்வார். அதற்கு முன்னால் இருக்கும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" என்பதை விழுங்கிவிடுவார். இதை அவரிடமே சொன்னேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆனால், ஒரு குழந்தை ஏன் வதைபட்டுச் சாக வேண்டும் என்று கேட்டாயே, அது நல்ல கேள்வி. உன்னைப் பெற்றவள் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நானும் ஜெபத்தில் அதையேதான் கேட்கிறேன், பதில் வந்ததில்லை. அதை யாரிடம் கேட்கிறோம் என்று யோசித்தாயா? சித்தப்பா பறிகொடுத்த பிள்ளையின் போட்டோ உனக்கு நேர் எதிரே மாட்டியிருந்தது. அவர் வாயடைத்துப் போனதும் நீ சிரித்தாய்.

மூச்சுக்கு மூச்சு டார்வின் என்கிறாய். 1851இல் அவருடைய மகள் ஆனி பத்து வயதில் இறந்தாள். அவருக்கு விசுவாசம் போயிற்று. மனைவி எம்மா விசுவாசத்தை விடவில்லை. 1882இல் அவர் சாகும்வரை இருவரும் சேர்ந்தே வாழ்ந்தார்கள். அவர்களுக்குள்ளும் இந்தப் பேச்சு வந்திருக்காதா?

நீ ஆலயத்துக்குப் போவதில்லை என்பதைப் பற்றி எழுதமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். எழுதவில்லை.

சித்தப்பாவுக்கு ஒரு போன் செய். மன்னிப்புக் கேட்க வேண்டாம், நீ கேட்கவும் மாட்டாய். அந்தக் கேள்வியை மட்டும் நீயாக எடுக்காதே. அவரே எடுத்தால் குறுக்கே பேசாமல் கேள். மறுபடி நரகத்தை இழுத்தால் என்னிடம் சொல், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா