புகார்: செப்புக் கம்பி என்று நீங்கள் அனுப்பியது காந்தத்தில் ஒட்டுகிறது

அனுப்புநர்
அறிவியல் ஆசிரியை,
அரசு நடுநிலைப் பள்ளி,
திண்டிவனம் வட்டம், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
பள்ளி அறிவியல் உபகரண நிறுவனம்,
சென்னை.

நாள்: 24-03-2025

பொருள்: ஆறு அறிவியல் செயல்பாட்டுப் பெட்டிகள் குறைபாடாக வந்தது, பணத்தைத் திருப்பித் தரக் கோருவது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றும் மின்னஞ்சல். மூன்றுக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. அதனால்தான் இதை ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புகிறேன். பொறுமையாக முழுவதும் படிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஜனவரி 20ஆம் தேதி உங்கள் இணையதளத்தில் ஆறு பெட்டிகளுக்குப் பணம் கட்டினேன். பெட்டி ஒன்று 1,450 ரூபாய், கூரியருக்கு 350, ஆக மொத்தம் 9,050 ரூபாய். பில் என் பெயரில் இருக்கிறது. பணத்தில் பாதி எங்கள் பள்ளியில் படித்துப்போன பிள்ளைகள் கொடுத்தது, மீதி என் சம்பளம். பத்து நாளில் வரும் என்றீர்கள். வந்தது பிப்ரவரி 27 மாலை. அதுவும் பள்ளிக்கு வரவில்லை. திண்டிவனம் கூரியர் ஆபீசில் கிடந்ததை நான்தான் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் எடுத்து வந்தேன்.

மறுநாள் பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினம். 1928இல் சர் சி.வி. ராமன் தன் கண்டுபிடிப்பை அறிவித்த நாள். பள்ளிக்கூடத்துக்குச் சாமான் விற்கும் உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. பெட்டிகள் எதற்காக, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று ஆர்டரிலேயே குறிப்பு எழுதியிருந்தேன். எங்கள் பள்ளிக்கு வானவில் மன்றம் என்ற அரசு அறிவியல் திட்டத்தின் கருத்தாளர் வந்து பரிசோதனை செய்து காட்டிவிட்டுப் போனதிலிருந்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 32 பேரும் "நாங்களே எப்ப டீச்சர் செய்வோம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்காகத்தான் வாங்கினேன். ஒவ்வொரு பெட்டியின் மேலும் "பரிசோதித்து அனுப்பப்பட்டது" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதை நம்பினேன்.

காலை பதினோரு மணிக்குப் பெற்றோர்களும் தலைமையாசிரியரும் பார்த்துக்கொண்டிருக்க, ஆறு குழுவும் மின்மோட்டாரைப் பொருத்தினார்கள். பேட்டரி, இரண்டு தாங்கி, நடுவில் காயில் (கம்பியை வளையமாகச் சுற்றிய சுருள்), அடியில் காந்தம். காயில் சுற்ற வேண்டும். ஆறில் ஒன்றுகூடச் சுற்றவில்லை. காயில் சாய்ந்து காந்தத்தின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. எடுத்து வைத்தால் மறுபடியும் ஒட்டியது. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒரு அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

அப்போதுதான் ஒரு பெண் பிள்ளை, "டீச்சர், செம்பு காந்தத்துல ஒட்டாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டாள். பென்சில் சீவும் பிளேடால் கம்பியைச் சுரண்டினாள். மேலே இருந்த செம்பு நிறம் தூளாக உதிர்ந்தது, உள்ளே சாம்பல் நிறத்தில் இரும்பு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை பத்து நிமிடத்தில் கண்டுபிடித்ததை, இந்தக் கம்பியை வாங்கி, வெட்டி, சுற்றி, பெட்டியில் போட்ட உங்கள் ஆட்கள் யாருமே கண்டுபிடிக்கவில்லையா? உங்கள் பொருள் எதனால் ஆனது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா?

இத்தோடு முடியவில்லை. கம்பி நல்ல செம்பாகவே இருந்திருந்தாலும் இந்த மோட்டார் சுற்றியிருக்காது. காயிலின் ஒரு முனையில், கம்பி மேல் பூசியிருக்கும் மின்சாரம் கடத்தாத எனாமலை முழுவதும் சுரண்ட வேண்டும், மறுமுனையில் ஒரு பாதியை மட்டும்தான் சுரண்ட வேண்டும். அப்போதுதான் அரைச்சுற்றுக்கு மின்சாரம் பாயும், அடுத்த அரைச்சுற்றை வேகத்திலேயே கடக்கும். இரண்டு முனையையும் முழுக்கச் சுரண்டினால் பாதியில் விசை எதிர்ப்பக்கம் திரும்பிவிடும், காயில் முன்னும் பின்னும் ஆடிவிட்டு நின்றுவிடும். நீங்கள் அனுப்பிய ஆறு காயிலிலும் இரண்டு முனையும் முழுக்கச் சுரண்டியிருந்தன. உங்கள் செயல்முறைத் தாளில் மட்டும் பாதி சுரண்டச் சொல்லிச் சரியாகப் படம் போட்டிருக்கிறீர்கள்!

அந்தத் தாளும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கிறது. தமிழ்க் கையேடு உண்டு என்று இணையதளத்தில் போட்டதை நம்பித்தான் வாங்கினேன்.

உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு நான் ஒன்பது முறை போன் செய்தேன். முதல் நாள் பேட்டரி வீக் என்றார்கள். புதுப் பேட்டரி ஆறு வாங்கிப் போட்டுப் பார்த்தேன். அடுத்த நாள் வீடியோ அனுப்புகிறோம் என்றார்கள், இன்றுவரை வரவில்லை. மூன்றாம் நாள் பேசியவர்தான் "பில்லையும் ஒரு பெட்டியையும் எடுத்துக்கிட்டு நேர்ல வாங்க, உடனே மாத்தித் தர்றோம்" என்றார். அவர் பேச்சை நம்பி மார்ச் 8, சனிக்கிழமை காலை ஐந்தரைக்குப் பஸ் ஏறினேன். கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து இன்னும் இரண்டு பஸ் மாறி உங்கள் ஆபீசுக்கு வந்து சேர மணி பத்தரை. மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு ஒன்றே கால் வரை வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். குடிக்கத் தண்ணீர்கூட யாரும் கேட்கவில்லை.

பிறகு வந்தவர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. குடோன் சாவி இல்லை, திங்கட்கிழமை வாங்க என்றார். திங்கட்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று சொன்னேன். காந்தத்தை எடுத்து அவர் மேஜை மேலேயே கம்பி ஒட்டுவதைக் காட்டினேன். அதற்கு அவர் சொன்ன வார்த்தை இது: "மேடம், ஆறு கிட்டு வாங்கிட்டு ஆறாயிரம் கேள்வி கேக்கறீங்க. பசங்க விளையாடற சாமான்தானே, கவர்மென்ட் ஸ்கூலுக்கு இது போதும்."

கவர்மென்ட் ஸ்கூலுக்கு இது போதும்! பத்தொன்பது வருடமாக ஆசிரியை வேலை பார்க்கிறேன், இப்படி ஒரு வார்த்தையை என் காதில் யாரும் போட்டதில்லை. திரும்பி வரும்போது மேல்மருவத்தூர் தாண்டும்வரை என் கண்ணீர் நிற்கவில்லை. எங்கள் பிள்ளைகள் கொடுத்த பணமும் மற்றவர்கள் கொடுக்கும் அதே பணம்தானே? கட்டணப் பள்ளிக்கு அனுப்பும் பெட்டியில் செம்பும், எங்களுக்கு இரும்பும் வைக்கிறீர்களா? இல்லை என்றால் எழுத்தில் சொல்லுங்கள்.

இன்னும் சில குறைகளைச் சொல்ல விட்டுவிட்டேன். ஆறு திசைகாட்டிகளில் இரண்டில் சிவப்பு முனை தெற்கே நிற்கிறது. பலமான காந்தத்தை ஒட்டித் திசைகாட்டியை வைத்தால் முள்ளின் துருவம் மாறிவிடும் என்பது உங்களுக்குத் தெரியாதது அல்ல. இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டியது யார்? மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் முள் திரும்புவதை 1820இல் அயர்ஸ்டெட் கண்டார் என்று பாடம் நடத்திவிட்டு, வடக்கே தெரியாத முள்ளைப் பிள்ளைகள் கையில் எப்படிக் கொடுப்பது? குவிலென்சில் குவியத் தொலைவு 10 செ.மீ. என்று அச்சிட்டிருக்கிறது. வகுப்பு ஜன்னலுக்கு எதிரே லென்சுக்குப் பின்னால் வெள்ளைத்தாளைப் பிடித்து, வெளியே நிற்கும் வேப்பமரம் தலைகீழாகத் தெளிவாக விழும்வரை நகர்த்தி, லென்சுக்கும் தாளுக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்தோம். 17 செ.மீ. வருகிறது. மூன்று முறை அளந்தும் அதேதான்.

குற்றம் எங்கள் கையில் இல்லை என்பதற்குச் சாட்சி இருக்கிறது. திண்டிவனத்தில் மோட்டார் காயில் கட்டும் கடையில் நாற்பது ரூபாய்க்கு எனாமல் செப்புக் கம்பி வாங்கினேன். அதே பேட்டரியை, அதே காந்தத்தை, அதே தாங்கியை வைத்துப் பிள்ளைகளே காயில் சுற்றினார்கள். விரலால் ஒரு தட்டுத் தட்டியதும் விர்ரென்று சுற்றியது. அந்தச் சந்தோஷம் அறிவியல் தினத்தன்று ஊர் முன்னால் கிடைத்திருக்க வேண்டியது. அன்றைக்குப் போனது போனதுதான், அதை நீங்கள் எத்தனை லட்சம் கொடுத்தாலும் ஈடுகட்ட முடியாது. அன்று எழுந்து போன அப்பா மகளை இனி அறிவியல் பிரிவில் சேர்க்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். 32 பிள்ளைகளின் எதிர்காலத்தில் நீங்கள் மண்ணைப் போட்டுவிட்டீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் மன்னிக்கவும். உங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருப்பார்கள், இந்தக் கடிதம் அப்படி ஒருவர் கைக்குப் போய்ச் சேரட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் கேட்பது இவ்வளவுதான். 9,050 ரூபாயையும், சென்னை வந்துபோன செலவையும், பேட்டரிக்கும் கம்பிக்கும் ஆன பணத்தையும் திருப்பித் தாருங்கள். "இது போதும்" என்று சொன்னவர் எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதே பெட்டியை வாங்கிய மற்ற பள்ளிகளுக்கும் நீங்களே தகவல் சொல்லிக் காயிலை மாற்றிக் கொடுக்க வேண்டும்.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்வேன். அதற்கும் அசையாவிட்டால் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கு எனக்கு இரண்டு வருட அவகாசம் இருக்கிறது, ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. வக்கீல் வைக்காமல் நானே வந்து வாதாடுவேன். ஆறு பெட்டிகளையும் அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

இத்துடன் பில் நகலும், உங்கள் காயிலிலிருந்து வெட்டிய ஒரு சாண் கம்பியும் இணைத்துள்ளேன். கம்பியைத் தாளில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். உங்கள் பெட்டியிலிருந்தே ஒரு காந்தத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியை