அட்டையில் விழுந்த நான்கு பெயர்கள்

பாப்பா,

போனில் நீ சொன்ன ஒரு வார்த்தை ரெண்டு நாளாக மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. விஐடியில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு இன்டர்வியூ கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாய், அம்மா அப்போதே பாயசம் வைக்கக் கிளம்பிவிட்டாள், நீயோ "தனியார் காலேஜ்தானேப்பா, ராங்க் எல்லாம் விளம்பரம்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். எனக்குப் போனில் சட்டென்று பேச வராது, உனக்குத் தெரியும். கடையில் இப்போது கூட்டம் இல்லை, உட்கார்ந்து எழுதுகிறேன். போ என்றோ வேண்டாம் என்றோ சொல்லப் போவதில்லை. ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாயே, அதற்குத்தான் இது.

கடை அலமாரியின் மேல்தட்டில் நான்கு பிளாக் இருக்கிறதே, சின்ன வயதில் அதை எடுத்து மண்ணில் அச்சுக் குத்தி விளையாடி என்னிடம் அடி வாங்கினாயே, ஞாபகம் இருக்கிறதா? பிராஜெக்ட் ரிப்போர்ட் அட்டையில் தங்க எழுத்து விழுவதற்கான பிளாக். நான்கும் ஒரே காலேஜுக்குத்தான், நீ சொன்ன அதே விஐடிக்கு. முதலாவதில் மேலே வேலூர் இன்ஜினியரிங் காலேஜ், கீழே மெட்ராஸ் யுனிவர்சிட்டி. இரண்டாவது, வேலூர் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி, அடியில் பொடி எழுத்தில் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். மூன்றாவது விஐடி யுனிவர்சிட்டி. நான்காவது மறுபடியும் வேலூர் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி, இந்தத் தடவை யுனிவர்சிட்டி என்ற சொல் பெயரில் வரக்கூடாது.

1984இல் நான் பத்தாவது. எம்ஜிஆர் ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்த வருடம் அது. அதற்கு முன்னால் இன்ஜினியர் ஆக வேண்டும் என்றால் கிண்டி, கோயம்புத்தூர், சேலம் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். விஐடியை ஆரம்பித்த வேந்தர் விஸ்வநாதனை அப்போது ஊருக்கு அரசியல்வாதியாகத்தான் தெரியும், 1967இலேயே வந்தவாசிக்கு எம்பி ஆனவர். திருவலம் ரோட்டில் 180 பிள்ளைகளோடு காலேஜ் திறந்தார்கள். நம் ஊரைப் பற்றி ஒரு சொலவடை உண்டே, தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று. கோயிலுக்கு 1981இல்தான் சாமி வந்தது, மூன்று வருடத்தில் காலேஜும் வந்துவிட்டது, இனி பாலாற்றில் தண்ணியும் வந்துவிடும் என்று தாத்தா கேலி பண்ணுவார். அந்தக் காலேஜ் நிலைக்கும் என்று எங்கள் தெருவில் யாரும் நம்பவில்லை. காசு கொடுத்து சீட்டு வாங்குகிற இடம் என்றுதான் பேச்சு. உன் வாயில் வந்ததும் அதே பேச்சின் மிச்சம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் கடை போட்டது 1991. பத்து வருடம் முதல் பிளாக்கிலேயே ஓடியது. அப்போது எந்தக் காலேஜ் ரிப்போர்ட்டைப் பிரித்தாலும் ஒரே மாதிரி இருக்கும், பாடமும் பரீட்சையும் மெட்ராஸிலிருந்து வந்தது, காலேஜுக்குச் சொந்தமாக எதையும் மாற்ற வழியில்லை. 2001இல் நிகர்நிலை அந்தஸ்து கிடைத்ததே, அதைப் பேப்பரில் படித்தபோது புது பிளாக் செலவு வந்து சேர்ந்தது என்றுதான் நினைத்தேன். அதன் வீச்சு போகப்போகத்தான் புரிந்தது. பாடத்தை அவர்களே எழுதலாம், பரீட்சையை அவர்களே வைக்கலாம், நுழைவுத் தேர்வு நடத்தி இந்தியா முழுவதிலிருந்தும் பிள்ளைகளை எடுக்கலாம். அதே சமயத்தில்தான் ஐடி கம்பெனிகள் கொத்துக் கொத்தாக ஆள் எடுக்க ஆரம்பித்தன, அவர்களுக்கு ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் வேண்டும், இங்கே இருந்தார்கள். பைண்டிங்குக்கு வருகிற பையன்கள் முதலில் தெலுங்கு பேசினார்கள், அப்புறம் இந்தி, அப்புறம் பெங்காலி. நானும் மூன்றிலும் "நாளைக்கு வாங்க" சொல்லக் கற்றுக்கொண்டேன்.

விளம்பரத்தால் இவ்வளவும் வந்துவிடுமா? கொஞ்சம் வரும், இல்லை என்று சொல்லமாட்டேன். ராங்க் விஷயத்தை என்னைவிட நீதான் நன்றாகப் பிரித்துச் சொல்வாய். மத்திய அரசு ராங்க் போடுகிற என்ஐஆர்எஃப்புக்குக் கணக்குக் கொடுப்பது அந்தந்தக் காலேஜேதான், நூற்றுக்குப் பத்து மதிப்பெண் பிறர் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கே போகிறது. அதையெல்லாம் கழித்துவிட்டுப் பார். பொறியியலில் 2023இலும் 2024இலும் 11ஆம் இடம், இரண்டு வருடமும் அண்ணா பல்கலைக்கழகம் அதற்குப் பின்னால். வெறும் போஸ்டர் ஒட்டி அங்கே போய் நிற்க முடியுமா? 2009இல் மத்திய அரசு போட்ட டாண்டன் கமிட்டி தகுதியில்லை என்று 44 நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களைப் பட்டியல் போட்டதே, நம் மாநிலத்துப் பெயர்களே அதில் ஏகப்பட்டது, இது இல்லை. பிறகு 2010இல் சென்னை வளாகம், 2017இல் போபாலும் அமராவதியும். அந்த இரண்டும் அந்தந்த மாநிலச் சட்டப்படி தனிப் பல்கலைக்கழகங்கள், பிளாக் கேட்டு என்னிடம் யாரும் வரவில்லை.

நான்காவது பிளாக் கதை உனக்குத் தெரியாது, நீ ஊரில் இல்லை. 2017 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, அதை வைத்து யுஜிசி நிகர்நிலை நிறுவனங்கள் எல்லாம் பெயரில் யுனிவர்சிட்டியை எடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. நான் அதைப் படித்தேன், படித்துவிட்டு அந்தப் பேப்பரிலேயே போண்டாவும் மடித்தேன். மறு ஏப்ரலில் கைப்பழக்கத்தில் மூன்றாவது பிளாக்கைச் சூடு பண்ணி 26 அட்டையில் அடித்துவிட்டேன், கருநீல ரெக்சின், தங்க ஃபாயில் அவ்வளவு சுத்தமாக விழுந்திருந்தது. சாயங்காலம் ஒரு பெண் வந்து, "அங்கிள், பேரு மாறிடுச்சு" என்றாள். ராத்திரி முழுக்க அம்மாவும் நானும் உரித்து ஒட்டினோம்.

சரி, குறையும் சொல்கிறேன். பல பத்தாயிரம் பிள்ளைகள் படிக்கிற இடம், ஒவ்வொருவர் முகமும் வாத்தியாருக்குத் தெரியும் என்று நான் நினைக்கவில்லை. தமிழ்நாடு அரசின் பொறியியல் கவுன்சிலிங்கில் அந்த சீட்டுகள் வராது. நுழைவுத் தேர்வு ராங்க் இறங்க இறங்கக் கட்டணம் ஏறும், ஐந்து படி. நீ பிளஸ் டூ முடிக்கிற வருடம் ஹெட் போஸ்ட் ஆபீஸில் அந்த விண்ணப்பத்தை விற்றார்கள். நான் ஒன்று வாங்கினேன். கட்டணப் பக்கத்தைக் கடையில் வைத்து மூன்று தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, கட்டிங் மெஷினுக்குக் கீழே போட்டுவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. நீ பாகாயம் அரசுக் கல்லூரியில் படித்து இன்று பிஎச்டி முடிக்கப் போகிறாய், அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, ஆனாலும் அந்த விண்ணப்பம் உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

ஸ்டார்ஸ் திட்டம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், மாவட்டத்துக்கு ஒரு பையன் ஒரு பெண், கிராமத்து அரசுப் பள்ளியில் முதலாவதாக வந்தவர்களுக்குப் படிப்பும் ஹாஸ்டலும் இலவசம். அப்படிச் சேர்ந்த ஒரு பையன் பைண்டிங்குக்கு வந்தான். எல்லோரும் மூன்று காப்பி போடுவார்கள், இவன் நான்கு. நான்காவதில் நன்றியுரை மட்டும் தமிழில் இருந்தது, வீட்டுக்காம். அதற்கு நான் காசு வாங்கவில்லை, அம்மாவிடம் சொல்லாதே.

இன்னொன்று, இதுதான் உனக்கு முக்கியம். அங்கே எந்த வாத்தியாரிடம், எந்த நேரத்தில் படிப்பது என்று பிள்ளைகளே எடுத்துக்கொள்கிறார்கள். ஹாஸ்டலில் நெட் ஒழுங்காக இல்லாத நாளில் என் கடை கம்ப்யூட்டருக்கு ஓடி வருவார்கள், நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், நல்ல வாத்தியார் கிளாஸ் சில நிமிஷத்தில் நிரம்பிவிடும். "சார் போய்ட்டார் அங்கிள்" என்று ஒருவன் அழாத குறையாகச் சொன்னான், நான் யாரோ செத்துவிட்டார் என்று பதறிப்போனேன். ராங்க் எத்தனை என்பதை விடு, அந்த நிமிஷத்தில் உன் பெயர் நிரம்புமா என்று யோசித்துப் பார்.

தேதி முடிவானால் சொல். பிருந்தாவனில் வந்தால் ஸ்டேஷனுக்கு ஸ்கூட்டரில் வந்துவிடுவேன், பை ஒன்றுக்கு மேல் வேண்டாம், பின்னால் காலண்டர் ஆர்டர் கட்டி வைத்திருக்கிறேன். உன் ஆராய்ச்சி ரிப்போர்ட்டை அங்கே வேறு யாரிடமும் பைண்டிங்குக்குக் கொடுத்துவிடாதே. உன் காலேஜ் பெயரைச் சரியான எழுத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்பு, பிளாக் செய்ய நான்கு நாளாகும்.

அப்பா