மேட்டூர் தண்ணீர் வருமுன் அரிசி ஆலைக் கழிவுநீரைச் சோதிக்கக் கோரி மனு

அனுப்புநர்:
குடமுருட்டிப் பாசன விவசாயிகள் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர் அவர்கள்,
தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம், தஞ்சாவூர்.

பொருள்: புழுங்கல் அரிசி ஆலையின் ஊறல் தண்ணீரை வடிகாலில் விடுவதைத் தடுக்கக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். எங்கள் ஊருக்கு மேற்கே உள்ள அரிசி ஆலையில், நெல் ஊறவைத்த தண்ணீரைச் சுத்திகரிக்காமல் வடிகாலில் திறந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் இரவில்தான். விடிந்து போய்ப் பார்த்தால் மஞ்சளாக நுரைத்துக் கிடக்கிறது, நாற்றம் தெருவரைக்கும் வருகிறது. டெல்டாவில் மேல்வயலில் வடிகிற தண்ணீர்தான் கீழே உள்ளவர்களுக்குப் பாசனம் என்பது தாங்கள் அறிந்ததே. ஆடுமாடு குடிப்பதும் அதைத்தான்.

ஒரு டன் நெல்லை ஊறவைத்தால் ஏறத்தாழ ஆயிரம் லிட்டர் கழிவுநீர் வரும். அதில் ரசாயனம் எதுவும் இல்லை, நெல்லில் கரைந்த சத்துதானே என்கிறார்கள் ஆலைத் தரப்பில். அந்தச் சத்து அழுகும்போதுதான் தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன் செத்து மிதக்கிறது. வயலில் தேங்கினால் பயிரின் வேர் கறுத்துப்போகிறது. நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் பி.ஓ.டி., அதாவது கழிவு அழுகும்போது தண்ணீரிலிருந்து தீர்க்கும் ஆக்சிஜனின் அளவு, லிட்டருக்கு 30 மில்லிகிராமையும், பாசனத்துக்காக நிலத்தில் விடுவதானால் 100 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்று விதி வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எங்கள் மாவட்டத்துக்குப் பெரிய காப்பு. ஆனால் அது தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பு, உருக்காலை போன்றவற்றை. அரிசி ஆலை அதில் வராது. ஆகவே வாரியத்தை விட்டால் எங்களுக்கு வேறு வழியில்லை. 1974-ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவுப்படி இசைவாணை தருவதும் நிபந்தனை விதிப்பதும் தாங்கள்தான். மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்க உத்தரவிடும் அதிகாரமும் 33ஏ பிரிவில் இருக்கிறது.

நாங்கள் முக்கியமாகக் கேட்பது, எப்போது, எங்கே மாதிரி எடுக்கிறீர்கள் என்பதைப் பற்றித்தான். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால், வடிகாலிலும் ஓட்டம் வந்துவிடும். அப்புறம் அதில் மாதிரி எடுத்தால் எல்லாம் கலந்து, அளவு குறைவாகத்தான் காட்டும். ஆலை விடுவது ஒரு குடம்கூடக் குறைந்திருக்காது. எனவே குறுவைக்குத் தண்ணீர் வருமுன், முன்தகவல் இல்லாமல், விடியற்காலையில், ஆலையின் கழிவுக் குழாய் வாயிலேயே மாதிரி எடுக்க வேண்டுகிறோம். நாங்கள் பாட்டிலில் பிடித்து வருவது வழக்கில் நிற்காது. 21-ஆவது பிரிவுப்படி, ஆலைக்காரருக்கு அங்கேயே அறிவிப்புக் கொடுத்து, அவர் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து சீல் வைத்து, தங்கள் அலுவலர்கள் எடுப்பதுதான் நிற்கும்.

அப்படியே சுத்திகரிப்பு நிலையத்தையும் பார்க்க வேண்டும். அதற்குத் தனி மின் மீட்டர் இருந்தால், ரீடிங்கை வைத்தே அது தினமும் ஓடுகிறதா என்று கண்டுபிடித்துவிடலாம். கொதிகலனின் உமிச் சாம்பலைத் திறந்தவெளியில் கொட்டுவதால் காற்றடிக்கும் நாளில் வீட்டுக்குள் கரி படிகிறது. அதையும் மூடிய இடத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஆலையை மூடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. நெல் விளைகிற ஊரில் அரிசி ஆலை வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் பலருக்கு அங்கேதான் கூலி. ஊறல் தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தட்டும், அதற்குக் காலக்கெடு வைத்து உத்தரவிடுங்கள், கெடுவுக்குள் செய்யாவிட்டால் சட்டப்படி நடவடிக்கை எடுங்கள்.

குழாய் வடிகாலில் சேரும் இடத்தை எந்த நேரத்தில் வந்தாலும் காட்ட எங்களில் சிலர் தயாராக இருக்கிறோம். ஆய்வக அறிக்கையின் நகல் ஒன்றை எங்களுக்கும் தந்துதவ வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
குடமுருட்டிப் பாசன விவசாயிகள், ஊர்ப் பொதுமக்கள்.

நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், தஞ்சாவூர்.