கோடையில்தான் அங்கே ஆறு பெருகும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ஐஸ்லாந்து பயணக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். நள்ளிரவிலும் விலகாத வெளிச்சம், சாலையோரத்து ஊதா லூபின் பூக்கள், திடுமெனக் குறுக்கே வரும் செம்மறியாடுகள் எல்லாம் நேரில் பார்த்தது போலவே இருந்தன. ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வாடகைக் கார் எடுத்துக்கொண்டு எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்ற வரியைப் படித்ததும் இதை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றிவிட்டது.

பாலம் கட்டியே பணி ஓய்வு பெற்றவன் நான். மகள், மருமகனோடு ஜூலையில் அங்கே போயிருந்தபோது அருவிகளைவிட ஆறுகளைத்தான் அதிகம் வேடிக்கை பார்த்தேன். தெற்கே ஸ்காஃப்டாஃபெல் என்ற இடத்தின் அருகே, தீவைச் சுற்றும் முதலாம் எண் சாலையோரத்தில் முறுக்கிக்கொண்டு கிடக்கும் இரும்பு உத்தரங்களை விட்டு வர மனமில்லை; மகளுக்குக் கோபமே வந்துவிட்டது. அந்த வட்டாரத்தில் வெள்ளம் அடித்துப்போன பாலத்தின் மிச்சம் அவை. அந்தச் சுற்றுச்சாலை 1974இல் முழுமையடைந்ததே அங்கே ஸ்கெய்தாரா ஆற்றின் குறுக்கே கட்டிய 880 மீட்டர் பாலத்தால்தான். 1996 செப்டம்பர் கடைசியில் வாட்னாயோகுல் பனிப்பரப்புக்கு அடியில் எரிமலை வெடித்தது. உருகிய நீர் ஒரு மாதத்துக்கு மேல் உள்ளேயே தேங்கியிருந்து, நவம்பர் 5 அன்று பனிக்கட்டிகளோடு பிய்த்துக்கொண்டு வந்து பாலத்தின் ஒரு பகுதியை அடித்துப்போயிற்று. செப்பனிட்டார்கள். அப்புறம் 2009இல், பனியாறு (மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டித் திரள்) பின்வாங்கியதால் ஆறே தடம் மாறிவிட்டது. பழைய பாலம் வெறும் கருமணல் மேல் நிற்கும்படி ஆயிற்று. வெள்ளத்துக்குக் கணக்குப் போட்டுக் கட்டலாம். இதற்கு என்ன கணக்குப் போடுவது?

அது நவம்பர், நாம் போவது கோடைதானே என்பீர்கள். சரி, 2011 ஜூலையில் காட்லா எரிமலைப் பக்கமிருந்து வந்த திடீர் வெள்ளம் மூலாக்விஸ்ல் ஆற்றுப் பாலத்தைக் கொண்டுபோனது. சுற்றுலா உச்சத்தில் இருந்த நேரத்தில் சுற்றுச்சாலை அறுந்துபோனது. ஒரு வாரத்தில் தற்காலிகப் பாலம் போட்டு முடித்தார்களே, அந்த வேலைக்கு என் சல்யூட்.

இதெல்லாம் எப்போதோ நடப்பது. அன்றாடம் நடப்பதைத்தான் கட்டுரை சொல்லவில்லை. உள்நாட்டு மலைப் பகுதிக்குப் போகும் சாலைகளின் எண்ணுக்கு முன்னால் ‘எஃப்’ என்று இருக்கும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு மட்டுமே அங்கே அனுமதி. பல சாலைகளை ஜூன் பாதிக்குப் பிறகுதான் திறப்பார்கள். பல இடங்களில் ஆற்றுக்குப் பாலம் கிடையாது, வண்டியோடு தண்ணீரில் இறங்கித்தான் ஏறவேண்டும். பனியாற்றிலிருந்து வரும் ஆறு வெயில் ஏற ஏறப் பெருகும். காலையில் முழங்கால் அளவு இருந்த நீர் மாலையில் இடுப்புக்கு வந்துவிடலாம். சாம்பல் கரைத்தது போன்ற நிறம், அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

தோர்ஸ்மோர்க் பள்ளத்தாக்குக்கு நாங்கள் பேருந்தில் போனோம். ஜீப் எடுக்கலாம் என்ற மருமகன், க்ரோசா ஆற்றைப் பார்த்ததும் வாயே திறக்கவில்லை. ஆளுயரச் சக்கரம் வைத்த பேருந்து அது. அதன் ஓட்டுநரே கரையில் நிறுத்தி, நீர் எங்கே சலசலக்கிறது, எங்கே சத்தமில்லாமல் ஓடுகிறது என்று பார்த்து, ஆழம் குறைவாக அகன்று சலசலத்த இடத்தில்தான் வண்டியை இறக்கினார். ஆற்றில் மாட்டி எஞ்சின் போனால், பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் காப்பீடு கிடைக்காது.

பனிக்குகைக்கும் இதே கதைதான். 2024 ஆகஸ்டில் ப்ரெய்தாமெர்குர் பனியாற்றில் பனி இடிந்து விழுந்து, வழிகாட்டியோடு போன ஒரு சுற்றுலாப் பயணி இறந்தார். கோடையில் உருகும் பனிக்குள் யாராவது கூட்டிப்போகிறேன் என்றால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கட்டுரையோடு வந்த வரைபடத்தில் தோர்ஸ்மோர்க் வரைக்கும் சுற்றுச்சாலை போலவே கெட்டியான சிவப்புக் கோடு போட்டிருக்கிறீர்கள். அடுத்த முறை எஃப் சாலைகளைப் புள்ளிக் கோடாகக் காட்டி, எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று தினமும் சொல்லும் ‘உம்ஃபெர்தின்’ தளத்தின் பெயரையும் ஓரத்தில் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலப் பொறியாளர்